சொர்ணம் வாய் திறக்கவில்லை

பெண் பார்க்க வந்தவர்கள் அந்த வீட்டுப் பல்லி சொல்லும்வரை பாயைவிட்டு எழுந்திருக்கக் கூடாது. எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். ஒரு தடவை சொன்னால் நிச்சயம். இரண்டு தடவை சொன்னால் செருப்பை மாட்டிக்கொள்ளலாம். மற்ற வீடுகளில் பஜ்ஜி ஆறுவதற்குள் காரியம் முடிந்துவிடும். தமயந்தி வீட்டில் இருப்பதோ பாலைவனப் பல்லி. அதற்குக் குரல் கிடையாது. ஆகையால் மாப்பிள்ளை திருமேனியும் அவன் அம்மா மீனலோசனியும் பதினேழு நாளாக உட்கார்ந்திருந்தார்கள்.

பல்லியின் பெயர் சொர்ணம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் தமயந்தி, இரண்டு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் பார்த்து, பார்த்த மாத்திரத்தில் வாங்கி வந்தது. ஒரு முழ நீளம், மணல் நிறம், தாடையைச் சுற்றி முள். அது வந்த அன்றைக்கே, வீட்டிலிருந்த ஐந்து பல்லிகளும் ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்காது என்று புரிந்துகொண்டு எதிர்வீட்டுக்குக் குடிபோய்விட்டன. போகும்போது முகம் சுளிக்கவில்லை. நல்ல பல்லிகள்.

சொர்ணத்துக்குக் கூச்ச சுபாவம். கூச்சப்பட்டால் மணல் சுரக்கும். வந்தவர்களைப் பார்த்து மூன்றாம் நாளே கண்ணாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. பத்தாம் நாள் கூடத்தில் சின்ன மேடு ஒன்று எழும்பியது. பதினேழாம் நாள் மீனலோசனி அம்மாள் இடுப்பளவு மணலில், ஜாதகத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். திருமேனியின் இலையைத் தினமும் மணலில் குழி பறித்துத்தான் போட வேண்டியிருந்தது. குறை சொல்லாமல் சாப்பிட்டான்.

பையன்மேல் தமயந்திக்குக் கோபமில்லை. ஆனால் முதல் நாளே, தொட்டியைக் கண்டு காலை இழுத்துக்கொண்டு, "கல்யாணத்துக்கு அப்புறம் இதை யாருக்காச்சும் குடுத்துருவீங்கள்ல?" என்று கேட்டுவிட்டான். அந்த நிமிஷமே அவள் மனம் மூடிக்கொண்டது. சொர்ணத்தை விட்டுவிட்டு அவளால் எங்கேயும் போக முடியாது. அதை யாரிடம் சொல்வது? பல்லி சொன்ன பிறகுதான் எங்கள் ஊரில் பெண்ணைக் கேட்பார்கள்.

சொர்ணம் வாய் திறக்காது, சரி. அவளுக்குப் பயமெல்லாம் அப்பாவை நினைத்துத்தான். ஓய்வுபெற்ற கண்டக்டர் சீனிச்சாமிக்கு இளகின மனசு. எந்த வீட்டுக் கோழி செத்தாலும் உச்சுக் கொட்டுவார். கூரைக்குக் கீழே அந்தச் சத்தம் எந்த வாயிலிருந்து வந்தாலும் பல்லி சொன்னதாகத்தான் கணக்கு. அவர் ஒரு தடவை கொட்டினால் போதும், அவள் பாடு முடிந்தது. அதனால் பதினேழு நாள் பேப்பரையும் அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தாள். சாவுச் சேதி கொண்டுவந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். அப்பாவின் வாயில் எந்நேரமும் ஒரு பொரிவிளங்காய் உருண்டை இருக்கும்படி பார்த்துக்கொண்டாள். அது கரைய அரை நாள் ஆகும்.

அன்றைக்கு மத்தியானம் உருண்டை தீர்ந்துபோனது. அடுத்ததை எடுக்க அவள் அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து மீனலோசனி அம்மாள் பெருமூச்சு விட்டாள்.

"அண்ணே, மணலுக்குள்ள முழங்கால் ரெண்டும் செத்துப்போச்சுண்ணே. பெத்த மகனுக்காகத்தான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்."

சீனிச்சாமியின் கண் கலங்கியது. நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டியது. உருண்டையோடு ஓடிவந்த தமயந்திக்கு அது தாடை அசைவிலேயே தெரிந்துவிட்டது. கூடத்துக்கு நடுவே மணல்மேடு. ஏறி இறங்கி அவரிடம் போய்ச் சேர முடியாது.

அப்போது சொர்ணம் மேட்டின் உச்சிக்கு ஏறியது. வந்தவர்களை ஒருமுறை நன்றாகப் பார்த்தது. பிறகு வலது முன்னங்கையைத் தூக்கி மெதுவாக ஆட்டியது, பஸ் ஏற்றிவிட வந்தவர்கள் ஆட்டுகிற மாதிரி. கீழே வைத்தது. இன்னொரு தடவை ஆட்டியது.

"ரெண்டு தடவை" என்றான் திருமேனி.

மீனலோசனி அம்மாள், பல்லி சொன்னால் தரையைத் தட்டுகிற வழக்கப்படி, மணலை விரலால் மூன்றுமுறை தட்டிவிட்டு, மகன் தோளைப் பிடித்து எழுந்தாள். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "கோவிச்சுக்காதீங்க, எனக்கு இதைப் பார்த்தாலே உடம்பு கூசுதுங்க" என்றான்.

"எனக்கும் இதைத் தவிர வேற காரணம் ஒண்ணுமில்லைங்க" என்றாள் தமயந்தி. பதினேழு நாளில் அவர்கள் மனசுவிட்டுப் பேசியது அவ்வளவுதான். போயிட்டு வாரோம் என்று சொல்லாமல், "போறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு இருவரும் சந்தோஷமாகப் போனார்கள்.

தமயந்தி மணலிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நிம்மதியில் வந்த அழுகை. அப்பாவும் சேர்ந்து அழுதார், உச்சுக் கொட்டாமல்.

அழுது முடித்து வாசலைப் பார்த்தால் எதிர்வீட்டுப் பல்லிகள் ஐந்தும் வெற்றிலைத் தட்டைச் சுமந்துகொண்டு நின்றன. நடுவில் நின்றது தலைக்கு எண்ணெய் வைத்திருந்தது. அவை ஒழுங்காக வந்து பாயில் உட்கார்ந்து சொர்ணத்தைப் பார்த்தன. சொர்ணம் தலையைக் குனிந்துகொண்டது. மணல் கொஞ்சம் சுரந்தது. பல்லிகள் பெண் பார்க்க வந்தால் மனுஷர்தான் சொல்ல வேண்டும்.

"வீட்டோட மாப்பிள்ளைன்னா சம்மதம்" என்றாள் தமயந்தி.

எண்ணெய் வைத்த பல்லி கூச்சத்தோடு தலையாட்டியது. அவள் அரிசிப் பானையிலிருந்து ஒரு பேப்பரை உருவி அப்பாவிடம் கொடுத்தாள். அவர் முதல் பக்கத்தைப் படித்து, பதினேழு நாளுக்கும் சேர்த்து ஒரே ஒரு தடவை உச்சுக் கொட்டினார்.

பல்லிகள் ஐந்தும் விரலால் தரையைத் தட்டின.