பேச்சு ஆயிற்று

பேச்சாயிக்குக் காது போனது தேயிலை ஃபெக்டரியில். கொழுந்தை உருட்டும் ரோலர் மெஷின் பக்கத்தில் பத்தொன்பது வருடம் நின்றாள். தோட்டம் அவளுக்குக் கொடுத்த ஒரே பரிசு அதுதான். வாய் மட்டும் பத்திரமாக இருந்தது. சொல்லப்போனால் முன்னைவிடச் சத்தமாகவே இருந்தது.

வீட்டுக்காணிக் கூட்டத்துக்கென்று அவளிடம் ஓர் ஏற்பாடு உண்டு. பக்கத்து வீட்டு மல்லிகா அருகில் உட்காருவாள். பேச்சாயியின் பெயரைக் கூப்பிட்டால் முழங்கையில் ஓர் இடி. உடனே இவள் "இருக்கேங்க!" என்று கத்துவாள், கூட்டம் நடக்கும் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவின் தகரக் கூரை அதிரும். வீடு கட்ட ஆளுக்கு ஏழு பேர்ச் காணி கொடுக்கும் பட்டியலில் இரண்டு கூட்டங்களை இப்படித்தான் தாண்டி வந்தாள். மூன்றாவதுதான் கடைசி. அன்றைக்குப் பதில் வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். போன மழையில் கூரை பிய்ந்து, லயத்து வரிசை வீட்டில் வாளிகளுக்கு நடுவே படுத்துத் தூங்குகிறவளுக்கு வேறு போக்கிடமும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தானா மெஷின் வர வேண்டும்!

கொண்டுவந்தவர் காணித் திட்டத்து உத்தியோகத்தர் அஜந்தன். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், தொல்லையே அதுதான். பேசுவதையெல்லாம் எழுத்தாக்கிக் காட்டும் திரை ஒன்றும் மைக் ஒன்றும் இரத்தினபுரியிலிருந்து வந்து இறங்கின. திரைக்கு முன்னால் ரிப்பன் கட்டிய கதிரை. பேச்சாயியை அதில் உட்கார்த்தினார்கள். மல்லிகா எங்கோ கடைசி வரிசையில்.

அஜந்தன் மைக்கைப் பிடித்து "வணக்கம்" என்றார். திரையில் "வணக்கம்" என்று விழுந்தது. பேச்சாயி கதிரையின் நுனிக்கு நகர்ந்தாள். எத்தனை வருடத்துக்குப் பிறகு ஒருவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை நேராக அவளிடம் வந்திருக்கிறது!

அடுத்து சங்கத் தலைவர் பழனியாண்டி எழுந்தார். "எங்க லயத்துல கூரை ஒழுகுதுங்க சேர்!"

திரை எழுதியது: "எங்கள் நயத்தில் ஒழுக்கம் கூடுகிறது."

"அடப்பாவி, எப்ப இருந்து?" என்றாள் பேச்சாயி. கூட்டம் சிரித்தது.

அஜந்தன் சிரிக்கவில்லை. "ஐயா, கொஞ்சம் செந்தமிழில கதையுங்கோ. மெஷினுக்கு உங்கட பேச்சு விளங்குதில்லை."

முப்பது வருடமாகத் தோட்டத் துரைமாரை எதிர்த்துக் கத்திய பழனியாண்டி செந்தமிழைத் தேடினார். கிடைக்கவில்லை, உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களும் வாயைத் திறக்கவில்லை. காது கேட்காதவள் ஒருத்தி இருந்த இடத்தில் இப்போது பேச முடியாதவர்கள் அறுபது பேர். பிரமாதமான முன்னேற்றம்தான்.

பிறகு கிளாக்கர் சுமன் பட்டியலை வாசித்தார். கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தும் வழக்கம் அவருக்கு இல்லை. "இலட்சுமி" என்றார், திரை இலட்சுமி என்றது. "பேச்சாயி" என்றார். இப்படியொரு பெயரை அந்த மெஷின் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. பெரிய மனது பண்ணித் திருத்திக் கொடுத்தது.

"பேச்சு ஆயிற்று."

முடிந்துவிட்டதா? பேச்சாயி சுற்றிப் பார்த்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் "பேச்சு ஆயிற்று." மூன்றாம் முறையும் அதேதான். ஆயிற்றென்றால் எழுந்து போங்களேன், யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பின்னால் அத்தனை பேரும் "அக்கா, ஒன்னையத்தான்!" என்று அலறினார்கள். திரையில் வந்தது: "ஒருவர் மட்டும் பேசவும்."

அஜந்தன் கையை உயர்த்தி அவர்களை அடக்கினார். அவருடைய காகிதங்களில் அவள் வெறும் 'பயனாளி'. பெயர் அவருக்குத் தெரியாது. "சத்தம் போடாதேங்கோ. பயனாளி எங்கட உதவி இல்லாமல் தானாப் பங்குபற்ற வேணும்."

சுமன் பேனாவை எடுத்தார். கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்த பேச்சாயி எட்டிப் பார்த்தாள். அவள் பெயருக்கு நேரே, அழகான கையெழுத்தில், "வரவில்லை."

வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் அஜந்தன் சிரித்த முகமாக ஒரு படிவத்தை நீட்டினார். பக்கத்தில் படம் எடுக்க ஓர் ஆள். படிவத்தில் இருந்தது: "இக்கூட்டத்தில் நான் முழுமையாகப் பங்குபற்றினேன்." கீழே கையெழுத்துக்குக் கோடு.

அவள் கொப்பியைப் பார்த்தாள். படிவத்தைப் பார்த்தாள். பேனாவை வாங்கி, கோட்டின் மேல் நிறுத்தி நிதானமாக எழுதினாள்: "வரவில்லை." எழுந்து நேரே கடைசி வரிசைக்குப் போய் மல்லிகா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

படிவத்தைப் படித்த அஜந்தனுக்கு வியர்த்தது. கொப்பியை வாங்கி அங்கேயும் அதே சொல்லைப் பார்த்தபோது இன்னும் வியர்த்தது. சுமனைக் கொண்டே அந்த வரியை வெட்டி "வந்தார்" என்று எழுதவைத்து, கொப்பியும் படிவமும் மைக்குமாகப் பின்வரிசைக்கு ஓடி வந்தார். பேச்சாயி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா... அம்மா..."

"அப்புடிக் கூப்புட்டா கேக்காது சேர்," என்றாள் மல்லிகா. "முழங்கையில இடிங்க."

அஜந்தன் தயங்கினார். பிறகு குனிந்து, பயந்து பயந்து இடித்தார்.

"இருக்கேங்க!"

தகரம் அதிர்ந்தது. அவர் கையிலிருந்த மைக்கும் அதைக் கேட்டிருக்கிறது. ஆளில்லாத ரிப்பன் கதிரைக்கு எதிரே, திரையில் ஒரு பிழையும் இல்லாமல் விழுந்தது: "இருக்கிறேன்."