அமாவாசைக்கு மட்டும் தட்டும் ஏசி

ஏசி ரிப்பேருக்குப் போகிறவர்களுக்கு, மனிதர்கள் வாயால் போட்டுக் காட்டும் சத்தங்களைக் கேட்டே பாதி ஆயுள் போய்விடும். ஒருவர் புறா மாதிரி குமுறிக் காட்டுவார். இன்னொருவர் பல்லை நறநறவென்று கடிப்பார். ஒரு பெரிய மனிதர் ஒருமுறை விசில் அடித்துக் காட்டப் போய், பல்செட்டே கழன்று கையோடு வந்துவிட்டது. கிரேஸ் இதையெல்லாம் சிரிக்காமல் கேட்கப் பழகியிருந்தாள். களக் களக் என்றால் தண்ணீர் வெளியேறும் குழாயில் அடைப்பு. கீச்சென்றால் உள்ளே சுற்றும் விசிறியின் பேரிங் போய்விட்டது. போட்ட கொஞ்ச நேரத்தில் டிக்கென்று ஒன்றிரண்டு தடவை கேட்டால், பிளாஸ்டிக் குளிர்ந்து சுருங்குகிறது என்று அர்த்தம். அதற்கு வைத்தியமே வேண்டாம்.

பக்கத்துத் தாமல் கிராமத்திலிருந்து தினமும் ஸ்கூட்டியில் காஞ்சிபுரம் வந்து போகிறவள் அவள். மூன்று வருஷம் விக்ரம் என்கிற சீனியர் மெக்கானிக்குக்குப் பின்னால் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த பிறகு, இப்போது நாலு மாதமாகத்தான் கடையில் அவளைத் தனியாக அனுப்புகிறார்கள். அந்தத் 'தனியாக'வின் மேல் அவளுக்கு இருந்த ஆசை கொஞ்சநஞ்சமில்லை. அதற்குத்தான் சின்ன காஞ்சிபுரத்து அலமு வீட்டு ஏசி உலை வைத்தது.

அலமு, தன் வீட்டு முன்னறையில் பட்டு ஜாக்கெட்டுகளுக்கு ஆரி ஊசியால் பூவேலை செய்து கொடுப்பவள். கல்யாணப் பெண்ணின் பட்டில் ஒரு சொட்டு வியர்வை விழுந்தாலும் மானம் போய்விடும் என்றுதான் அந்த அறைக்கு ஏசி மாட்டினாள். காலை பத்து மணிக்குப் போட்டால் மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்துவாள். பிறகு போட்டு, ஐந்து மணிக்கு அணைத்துவிடுவாள். கிரேஸ் தனியாகப் போய் மாட்டிய முதல் ஏசியும் அதுதான்.

"டொக்கு டொக்குனு யாரோ கதவ தட்ற மாதிரியே இருக்குதுமா" என்று கடைக்கு போன் வந்தது. போன் வந்த மறுநாள் ஆள் போவது கடையின் வழக்கம். கிரேஸ் போனாள். அரைமணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். டொக்கும் இல்லை, டிக்கும் இல்லை. பில்டரைக் கழுவி மாட்டிவிட்டு வந்தாள்.

ஒரு மாதம் கழித்து மறுபடி அதே போன். மறுநாள் மறுபடி போனாள். இந்தத் தடவை உள்ளே இருக்கும் பெட்டியைக் கழற்றிப் பார்த்தாள், வெளியே இருக்கும் பெட்டியையும் குழாயையும் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் நல்ல பிள்ளையாக ஓடியது.

"வேற ஏதாவது சத்தத்த ஏசினு நெனச்சிட்டீங்களாக்கா?"

"இங்க வேற என்னாமா சத்தம்? டிவி கூட பின்னால ரூம்ல கீது. எங்க வீட்ல ஊசி விழுந்தா கேக்கும்!" என்றாள் அலமு, ஊரைக் கூட்டுகிற குரலில். பாவம், காது கொஞ்சம் மந்தம் போலிருக்கிறது என்று கிரேஸ் நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அலமுவின் வீட்டுக்காரர் ராமராஜன் குரலைத் தாழ்த்தி, அதாவது பக்கத்துத் தெருவுக்கு மட்டும் கேட்கும்படி, விஷயத்தைச் சொன்னார். அவர் பஸ் கண்டக்டர். மாதாமாதம் அமாவாசைக்கு லீவு போட்டுவிட்டு, செத்துப்போன அப்பாவுக்குப் படையல் போடுவார்.

"அமாவாசைக்கு அமாவாசைதாம்மா அது தட்டுது. மத்த நாள்ல கம்முனு இருக்குது. எங்கப்பா உயிரோட இருந்த வரைக்கும் பேன் ஸ்பீட ரெண்டுக்கு மேல வைக்க வுட மாட்டாரு. இப்ப படையலுக்கு வந்துக்கினு இருக்காரு, பாக்கறாரு, வீட்ல ஏசி! தட்டிக் கேக்கறாரு."

"உங்கப்பாவுக்கு வேற வேலயில்ல பாரு" என்றாள் அலமு. ஆனால் ஏசி மாட்டிய நாளிலிருந்து ராமராஜன் அந்த அறைக்குள் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததில்லை.

கடை மேனேஜர் குமாரவேலுக்கு ஆவி, அப்பா எதிலும் அக்கறை இல்லை. "ரெண்டு தடவ போய் ரெண்டு தடவயும் ஒண்ணுமில்லனு எழுதிக்கினு வந்துருக்க. மூணாவது தடவ அந்த வீட்லர்ந்து போன் வந்துச்சினா விக்ரம்தான் போவான். நீ பழையபடி அவன்கூட போய்க்கினு இரு, புரியுதாமா?" என்று சொல்லிவிட்டார். கிரேஸுக்கு நன்றாகவே புரிந்தது.

நல்ல காலம், அடுத்த அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. கடைக்கு லீவு. காலையில் சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போதே அவள் மனசு டொக்கு டொக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. முடிந்ததும் கட்டியிருந்த நல்ல புடவையோடு, டூல் பையை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு நேரே சின்ன காஞ்சிபுரம் போனாள்.

"வா கிரேஸு! சாப்ட்டியா?" என்று அலமு வாசலில் நின்று கேட்டதில், எதிர்வீட்டு நிழலில் படுத்திருந்த நாய் எழுந்து நின்றுவிட்டது.

"ஏங்க்கா இவ்ளோ சத்தமா பேசறீங்க?"

"நானா? எப்பவும் பேசற மாதிரிதாம்மா பேசறேன்!"

உள்ளே படையல் முடிந்து வடை வாசனை வீடு முழுக்க நின்றது. அலமு ஏசியைப் போட்டாள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். பிறகு தெள்ளத் தெளிவாக வந்தது.

டொக். டொக். டொக்.

ராமராஜன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கிரேஸுக்கோ அந்தச் சத்தத்தைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல் இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று காதை வைக்கப் போனவள், பாதியில் அப்படியே நின்றாள். இந்த அறையில் ஏதோ குறைந்தது. போன தடவையும் அதற்கு முந்தைய தடவையும் இருந்த ஒன்று இன்றைக்கு இல்லை.

"பக்கத்து வீட்ல யாரும் இல்லயாக்கா?"

"முனுசாமி வீடா? எல்லாம் இருக்காங்களே. இன்னிக்கு அமாவாசையாச்சே, தறிக்கு லீவு."

"மத்த நாள்ல?"

"ரெண்டு தறி ஓடும், இதோ இந்தச் செவுத்துக்கு அந்தாண்ட. ஏன்?"

"அது உங்களுக்குச் சத்தமா தெரியலியாக்கா?"

அலமு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "தறிச் சத்தம் ஒரு சத்தமாமா?"

கிரேஸ் தலையில் அடித்துக்கொண்டாள், அலமுவை நினைத்து அல்ல, தன்னை நினைத்து. அலமு பிறந்ததிலிருந்து கேட்கிறவள், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. சத்தத்தைக் கேட்டுப் பிழைக்கிற இவளுக்கு என்ன வந்தது? தாமலில் அவள் வீட்டுப் பக்கம் தறியே கிடையாது. மூன்று வருஷம் இந்தத் தெருக்களில் சுற்றியதில் அவள் காதும் இந்த ஊர்க் காதாகிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு தறி சடக் சடக்கென்று அடிக்க, இந்தப் பக்கம் நின்றுகொண்டு "சத்தமே இல்லை" என்று இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஏசி தினமும்தான் தட்டியிருக்கிறது. தறி நின்ற அன்றைக்கு மட்டும் அது வெளியே கேட்டிருக்கிறது.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கவாட்டுச் சந்துக்குப் போனாள். சத்தம் கையைப் பிடித்து அழைத்துப்போவதுபோல் அழைத்துப்போனது. உள்ளிருந்து வெளியே வரும் செம்புக் குழாய், ஜன்னல் கம்பியை ஒட்டிப் போகிறது. அவளே நாலு மாதம் முன்பு அதைக் கிளாம்ப் போட்டு, இரண்டு ஸ்குரூவால் சுவரோடு பிடித்துவைத்தாள். சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. தறி அடித்த அடியில் ஒரு ஸ்குரூ கழன்று கீழே விழுந்திருந்தது. இன்னொன்று நூலிழையில் தொங்கியது. ஏசி ஓடாதபோது பார்த்தால் குழாய்க்கும் கம்பிக்கும் நடுவில் சின்ன இடைவெளி இருந்தது. ஓடினால் குழாய் நடுங்கிப் போய் இடித்தது. கையால் தொட்டுப் பார்த்த அன்றைக்கு இதைத்தான் கோட்டை விட்டிருந்தாள்.

ஸ்டூல் மேல் ஏறி, சுவரில் புதிதாக ஓட்டை போட்டு, நீள ஸ்குரூவாகப் பார்த்து முடுக்கினாள். குழாய்க்கு அடியில் ரப்பர் துண்டு ஒன்றைக் கொடுத்து இறுக்கினாள். உள்ளே வந்து மூவரும் பத்து நிமிஷம் வாயைத் திறக்காமல் நின்றார்கள். ஏசி மூச்சு விடுகிற மாதிரி ஓடியது, அவ்வளவுதான்.

"சபாஷ்மா!" என்று அலமு கத்தினாள்.

ராமராஜன் மட்டும் அசையவில்லை. "அப்ப, எங்கப்பா வரவேயில்லயா?" என்றார்.

ஐம்பது வயது மனிதர் அப்படிக் கேட்டதும் கிரேஸ் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தாள். மூன்று மாதமாக அப்பா வருகிறார் என்று பயந்துகொண்டிருந்தவர், உள்ளுக்குள் அதில் சந்தோஷமும் பட்டுக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போய் அந்த ஸ்குரூவைத் திரும்பத் தளர்த்திவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"வந்து நிம்மதியா சாப்ட்டுட்டுதான்ணா போயிருப்பாரு. சண்ட போட்டது கொழாயி. நாம அவரு மேல பழியப் போட்டுட்டோம்."

"அவருக்குக் கோவமில்லன்ற?"

"பெத்த புள்ள குளுகுளுனு உக்காந்தா யாருக்குண்ணா கோவம் வரும்?"

ராமராஜன் ஏசியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு பாயைக் கொண்டுவந்து ஏசிக்கு நேர் கீழே விரித்தார். அலமு இலையில் வடை, பாயசம் எல்லாம் வைத்துக் கிரேஸுக்குக் கொடுத்து முடிப்பதற்குள் அவர் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். அந்தச் சத்தத்துக்குக் கிரேஸிடம் ஸ்பேனர் இல்லை.

திங்கட்கிழமை காலையில் குமாரவேலிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கடை லீவு நாளில் எதற்குப் போனாய் என்று திட்டுவாரோ என்று பயந்துகொண்டேதான் சொன்னாள். அவர் திட்டவில்லை. கேட்டுவிட்டு, புகார் நோட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நெசவுக்காரத் தெருக்களில் ஐந்து வீடுகள். ஐந்திலும் 'சத்தம் வருகிறது' என்று புகார். ஐந்திலும் 'சத்தம் இல்லை, சரிபார்க்கப்பட்டது' என்று விக்ரமின் கையெழுத்து. குமாரவேல் எழுந்து போய், சுவரில் மாட்டியிருந்த காலண்டரோடு தேதிகளை ஒத்துப் பார்த்தார். விக்ரம் போய்ப் பார்த்த ஐந்து தேதியும் அமாவாசைக்கு மறுநாள்.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அடுத்த அமாவாசை என்னா கெழம?"

"செவ்வாய் சார்."

"அன்னிக்கு லீவு கீவுனு வந்து நிக்காத. இந்த அஞ்சு வீடும் போயாகணும், காலைல எட்டு மணிக்கே கெளம்பிடு."

கிரேஸ் நோட்டை எட்டிப் பார்த்தாள். "விக்ரம் அண்ணன்கூடயா சார்?"

"எதுக்கு?" என்றார் குமாரவேல், நோட்டை அவள் பக்கம் தள்ளி. "ஏன், தனியா போக பயமா இருக்குதா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்புத்தான் வந்தது.