நாலு குழாயும் ஒரு தூக்கமும்

1

“மாமா, இந்தக் கார் யார் மேல கோவமா இருக்கு?”

மாடிவீட்டு ஏழு வயதுக்காரி என் மச்சானிடம் கேட்டது. அவன் கழுவிய சக்கரத்தையே மறுபடி கழுவினான். கதை பிறந்தது இங்கேதான்; மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வேகம் என்பது மனிதனின் ஆதி—’

கடவுளே, மன்னித்துவிடு. அடித்துவிட்டேன்.

விஷயம் இதுதான். காரின் ஹெடரில் விரிசல்; அதனால்தான் அந்த உறுமல். புதிது வாங்க வேண்டும். (என்ஜின் விடும் புகையை நாலு குழாய்களில் வாங்கி, ஒன்றாகச் சேர்த்து அனுப்புவது ஹெடர். எனக்கே போன வாரம்தான் தெரியும்.) வெல்டர் அக்காவின் பட்டறையில் இரண்டு கிடந்தன: ஒன்று நீளம், பருமன்; மற்றது குட்டை, ஒல்லி.

“அக்கா, அந்தப் பெருசு” என்றான் மச்சான்.

“ரேஸுக்கா போற?”

“ஆபீஸுக்கு.”

“சிக்னல் சிக்னலா நிக்கிற வண்டிக்கு இவ்ளோ பெரிய குழாய் வச்சா, புகை சோம்பேறியாயிடும். வண்டி இழுக்காது. உங்க தெருமுனை வேகத்தடையில வேற உரசும்.”

“சத்தம் கம்பீரமா இருக்குமே!”

“கம்பீரம் வேணும்னா மீசை வளர்த்துக்கோ.”

3

சிறுமியின் அம்மா நர்ஸ். இரவுப் பணி முடிந்து காலை எட்டு மணிக்கு வந்து படுப்பார். எட்டரைக்கு மச்சான் காரைக் கிளப்புவான்.

போன வருடம் மச்சானின் அப்பாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, காலில் புண். நாற்பது நாள், மாடி ஏறுமுன் நர்ஸம்மா எங்கள் வீட்டுக்கு வந்து கட்டு மாற்றினார். எதுவும் வாங்கவில்லை. “விடுங்க தம்பி, தூக்கம் வருது” என்பார்.

அந்தத் தூக்கத்துக்குத்தான் அவன் கடன்பட்டிருந்தான்.

4

முடிவு ஒன்று: பெரியதை வாங்குகிறான். தெருவே எழுந்து—

முடிவு இரண்டு: ஒல்லியை வாங்குகிறான். நர்ஸம்மா கண்கலங்கி— (தூங்குகிறவர் எப்படிக் கலங்குவார்?)

நடந்தது: ஒல்லியைத்தான் வாங்கினான். உடனே கைதட்டாதீர்கள். வண்டி நன்றாக இழுக்குமே என்பதற்காகவும் இருக்கலாம். லாபமும் தர்மமும் ஒரே பக்கம் நின்றால், என் பாத்திரத்தையே நான் நம்புவதில்லை.

5

புது ஹெடரை மாட்டினால், என்ஜினைச் சூடேற்றி, ஆறவிட்டு, போல்ட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். “வாசல்லயே இருபது நிமிஷம் ஓடவிடு, போதும்” என்றாள் வெல்டர் அக்கா.

மறுநாள் லீவு; வாசலிலேயே ஹெடரை மாட்டி முடித்தபோது ஒன்பது மணி. மாடியில் திரை மூடியிருந்தது. மச்சான் என்ஜினை அங்கே கிளப்பவில்லை. நியூட்ரலில் போட்டு, ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்து, கதவுச் சட்டத்தில் தோள்கொடுத்துத் தெருமுனையை நோக்கித் தள்ளினான். வேகத்தடையில் முன்சக்கரம் ஏறி, பின்னால் உருண்டது. மறுபடி தள்ளினான்.

தெருவில் யாருமில்லை.

யாருமில்லையென்றால் நான் எப்படிப் பார்த்தேன் என்கிறீர்களா? என் ஜன்னல் திறந்திருந்தது. போய் ஒரு கை கொடுத்திருக்கலாமே? போனால் ‘பேட்டரி டவுன்’ என்று பொய் சொல்வான். அந்தப் பாவம் எனக்கெதற்கு?

ஆனால் அவன் அப்பா எனக்கு மாமனார்தானே. கடனில் எனக்கும் பங்குண்டு. என் பங்குக்கு, சாட்சியாக நிற்காமல், சத்தமில்லாமல் ஜன்னலைச் சாத்துகிறேன்.

வேகத்தடையைத் தாண்டினானா? நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். பக்கத்தை மட்டும் மெதுவாக மூடுங்கள். மேலே நர்ஸம்மா தூங்குகிறார்.