கிதியோன் இன்னும் தின்னவில்லை

அமெரிக்காவின் மொன்டானாவில், பிள்ளைகள் ஆளுக்கொரு குதிரையைப் பராமரிக்கும் சர்ச் கோடை முகாமில் வேலை பார்க்கிறேன். அங்கே ஒரு சட்டம் உண்டு: குதிரை தின்ற பிறகுதான் பிள்ளைக்குச் சாப்பாடு. காலை ஜெபம்கூட அதற்குப் பிறகுதான்.

கிதியோன் என்ற கிழட்டுக் குதிரை பத்து வயது மார்லிஸின் பொறுப்பு. நேற்று மதியம் அது வயிறு உப்பித் தரையில் புரண்டது. வெட்டிக் குவித்த பச்சைப் புல் உள்ளே புளித்துவிட்டது, பிழைக்காது என்று சொல்லி, கால்நடை மருத்துவர் வலியில்லாமல் உயிர் போக ஊசி போட்டார். மார்லிஸ் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

இன்று காலை அவள் பான்கேக்கைத் தொடவில்லை.

“சாப்பிடும்மா. கிதியோனுக்கு வயசாயிடுச்சு, ஆண்டவர் அழைச்சுக்கிட்டார்” என்றார் முகாமை நடத்தும் பாஸ்டர் வெண்டல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மத்தியானம் பெற்றோர்கள் வருகிறார்கள் என்பதற்காக, முகாமின் பழியை ஆண்டவர் தலையிலா கட்டுவது?

“யாரும் அழைக்கல, பாஸ்டர்” என்றாள் மார்லிஸ். “புல்வெளி மெஷின் வெட்டிக் கொட்டின புல்லுல ஒரு வாளி நான்தான் குடுத்தேன். ஆசையாத் தின்னான்.”

“சரி, சரி. அதை வெளியே சொல்லாத கண்ணு.”

மார்லிஸ் பெஞ்சின் மேல் ஏறி நின்றாள்.

“எல்லாரும் கேளுங்க! வெட்டிக் குவிச்ச புல்லை எந்தக் குதிரைக்கும் குடுத்துடாதீங்க. நான் குடுத்தேன், என் குதிரை செத்துப்போச்சு.”

பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். “இப்பவாவது ரெண்டு வாய் சாப்பிடுடி.”

அவள் அதைத் திரும்ப என்னிடமே தள்ளினாள்.

“என் குதிரை இன்னும் சாப்பிடலையே.”