படகில் எங்கள் வீட்டு இடம்

எங்கள் கரையில் ஒரு மனிதன் செத்துப்போனால் ஒன்றுக்கும் குறைவில்லை. மரண உதவிச் சங்கம் பெட்டி தரும், பந்தல் போடும், பான்ட் வாத்தியம் பிடிக்கும். படகுக்குக் காப்புறுதி இருக்கிறது, இஞ்சினுக்கும் இருக்கிறது. கால் விளங்காமல் வீட்டுக்குள் கிடக்கிறவனுக்கு என்ன இருக்கிறது என்று சங்கத் தலைவரிடம் போய்க் கேட்டேன். நல்ல மனிதர். செபமாலை சொல்லச் சொன்னார்.

என் புருசன் எமில்ராஜ் கடலட்டை பிடிக்கிற சுழியோடி. முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கி, கடலடியில் கிடக்கிற அட்டையைப் பொறுக்கிக்கொண்டு வருவது அவருடைய வேலை. அந்த அட்டையை எங்கள் ஊரில் ஒருவரும் வாயில் வைக்கமாட்டார்கள். அவித்துக் காயவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆழத்திலிருந்து ஆறுதலாக ஏறி வரவேண்டும். அவசரப்பட்டு ஏறினால் இரத்தத்தில் காற்றுக்குமிழி கட்டி நரம்பை அடித்துவிடும். இது அவருக்குத் தெரியாததில்லை. ஆனால் அட்டை நிறையக் கிடக்கிற நாளில் யார் ஆறுதலாக ஏறுகிறார்கள்?

மாசி மாதம் ஒரு மத்தியானம் இரண்டு பேர் அவரைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். இடுப்புக்குக் கீழே விறைத்துப்போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்று நான் கத்தினேன். வந்தவர்கள் சிரித்தார்கள். சுழியோடிகளிடம் இதற்கு ஒரு கைமருந்து இருக்கிறது. மறுபடியும் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆழத்தில் போய் இருந்தால் விறைப்பு எடுபட்டுவிடுமாம். அது முழுப்பொய்யும் இல்லை. கீழே போனதும் கால் அசையும். மேலே வந்து கொஞ்ச நேரத்தில் முன்னையதைவிட மோசமாகும். அவர் அந்த மருந்தைத் திரும்பத் திரும்ப எடுத்து, கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய் விழுந்தார். உடனே கொண்டுவந்திருந்தால் காற்றழுத்த அறைக்கு அனுப்பிப் பார்த்திருக்கலாம் என்றார் டாக்குத்தர். மிச்சமிருக்கிற நடையையாவது காப்பாற்றுங்கள், இன்னொருமுறை கடலில் இறங்கினால் அதுவும் போய்விடும் என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபின் பொல்லை ஊன்றி முற்றத்தில் நாலு அடி நடக்கப் பழகினார். விறைப்பு எடுபட்டுவிட்டது, இப்போது இருப்பது வெறும் நாரிப்பிடிப்பு, இடுப்புவலிதான் என்று ஊருக்குச் சொன்னோம். படகு முதலாளி லெனாட் சம்மாட்டியும் அதை நம்பினார். ஒருவன் சுகமில்லாமல் கிடந்தால் அவனுடைய இடத்தில் அந்த வீட்டைச் சேராத ஒருவரையும் ஏற்றாமல், பாதிப் பங்கை வீட்டுக்கு அனுப்புவது எங்கள் கரையின் வழக்கம். அவன் திரும்பி வருவான் என்கிற நம்பிக்கை இருக்கும்வரைக்கும்தான் அது. மகள் லவீனாவின் பள்ளிக்கூடமும் அவருடைய மருந்தும் எங்கள் அடுப்பும் அந்தப் பாதிப் பங்கில்தான் ஓடிக்கொண்டிருந்தன.

திருநாள் முடிந்த கையோடு அவர் சுழியோடும்போது போடுகிற முகக்கண்ணாடியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். திங்கட்கிழமை படகேறப் போகிறாராம். அழுது பார்த்தேன், சண்டை பிடித்தேன், சாமியாரைக் கூட்டிவந்து சொல்ல வைத்தேன். அசையவில்லை.

"தண்ணிக்குள்ளை கால் பாரமில்லையடி," என்றார். "தரையிலைதான் நான் நொண்டி."

அதற்குமேல் அவரோடு கதைத்துப் பிரயோசனமில்லை என்று தெரிந்துவிட்டது. நேரே இறங்குதுறைக்குப் போனேன். வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர்கள், மீன் ஏலம் கூறியவர்கள், ஐஸ் ஏற்றியவர்கள் எல்லோரும் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்றுதான் போனேன்.

"நாரிப்பிடிப்பெண்டது பொய், லெனாட் அண்ணை. அவருக்கு நரம்பு அடிபட்டுப்போச்சு. இன்னொருக்கா இறங்கினால் தூக்கிக்கொண்டுதான் வருவியள். அவரை ஏத்தினியள் எண்டால் நான் பொலிசுக்குப் போவன்."

சம்மாட்டி தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பேச்சோடு எந்தப் படகும் அவரை ஏற்றாது என்பது எனக்குத் தெரியும். பாதிப் பங்கு நின்றுவிடும் என்பதும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். புருசன் வாயில் மண்ணள்ளிப் போட்டவள் என்று குழாயடியில் என் காதுபடவே கதைத்தார்கள். அவர்கள் வீட்டிலா நான் சோறு கேட்டேன்? எமில்ராஜ் என்னோடு கதைப்பதை விட்டுவிட்டார், யோசப்பின் என்று என் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையும் விட்டுவிட்டார். தண்ணீர் வேண்டுமென்றாலும், "கொம்மாட்டைச் சொல்லு," என்று லவீனாவைத்தான் கூப்பிட்டார்.

அடுத்த கிழமை லெனாட் சம்மாட்டி வீட்டுக்கு வந்தார். கணக்கு முடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்துக் கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் இருக்கவில்லை, நின்றபடியே கதைத்தார்.

"இடம் உங்கடை வீட்டுக்குத்தான் தங்கச்சி," என்றார். "ஜெரோசன் இருக்கிறான்தானே. அவன் இறங்கட்டும். பங்கிலை பாதி அவனுக்கு, இந்த வீட்டுக்குரிய பாதி வந்துகொண்டிருக்கும்."

ஜெரோசன் என் தம்பி. அம்மா செத்தபிறகு எங்களோடுதான் இருக்கிறான். வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. ஒருநாள் இருந்தால் மூன்றுநாள் இருக்காது. எங்களுக்கு ஆண்பிள்ளை இல்லை, அதனால் இந்த வீட்டிலிருந்து இனி ஒருவரும் கடலில் இறங்கப்போவதில்லை என்று நான் நினைத்திருந்தேன். தம்பியை நான் யோசிக்கவே இல்லை. சம்மாட்டி சொன்னதும் அவனுடைய முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோசம். பாசையூர்ப் பிள்ளை ஜெசிதாவுக்கும் அவனுக்கும் கலியாணம் பேசி முடிந்திருந்தது, செலவுக்குக் காசுதான் தேவைப்பட்டது. தான் அத்தான் மாதிரி அவசரப்படமாட்டான் என்றும், ஆறுதலாகத்தான் ஏறுவான் என்றும் எனக்குச் சமாதானம் சொன்னான்.

புருசனுக்காகத் துறைமுகம் முழுக்கக் கேட்கக் கத்தியவள் நான். தம்பிக்காக ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. அரிசி வாளியின் அடி தெரிந்துகொண்டிருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பேன், லவீனா பசிக்குது என்று வந்து நிற்பாள். என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஜெரோசன் அத்தானின் அறைக்குள் போய் முகக்கண்ணாடியைக் கேட்டான். நான் வாசலில் நின்றேன். எமில்ராஜ் கட்டிலில் சாய்ந்திருந்தார். அவனை மேலும் கீழும் பார்த்தார். கதவைச் சாத்தச் சொன்னார், நான் உள்ளே வந்து சாத்தினேன். பிறகு சாரத்தை அவிழ்த்து விலக்கினார்.

உள்ளே பம்பஸ் கட்டியிருந்தார், குழந்தைகளுக்குக் கட்டுகிற மாதிரி. அது எனக்கும் அவருக்கும் தவிர ஊரில் ஒருவருக்கும் தெரியாது. லவீனாவுக்குக்கூடத் தெரியாது. அவள் பள்ளிக்கூடம் போனபிறகுதான் நான் மாற்றுவேன், வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் கொண்டுபோய் எரிப்பேன்.

"கழட்டு," என்றார்.

ஜெரோசன் என்னைப் பார்த்தான். நான் பதறிப்போய் முன்னே வந்தேன்.

"நீ நில். உவன் செய்யட்டும்."

எத்தனையோ நாளுக்குப் பிறகு என்னோடு கதைத்த கதை அதுதான். ஜெரோசன் நாடாவைப் பிரித்தான். மணம் அறை முழுக்க எழும்பியது. அவன் முகத்தைத் திருப்பப் பார்த்தான், திருப்பவில்லை.

"நான் வெளிக்குப் போனது எனக்குத் தெரியாது," என்றார் எமில்ராஜ். "மணத்தாத்தான் தெரியும்."

நான் தண்ணீரும் சவுக்காரமும் கொண்டுவந்து வைத்தேன். தம்பி கழுவினான். பெயின்ட் படிந்த விரல்களால் ஒரு குழந்தையைக் கழுவுவதுபோல மெதுவாகக் கழுவினான். கண்ணீர் மூக்கால் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. எமில்ராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். எவ்வளவு ரோசக்காரர். கலியாணமான புதிதில் என் முன்னால் சட்டை மாற்றக்கூட வெட்கப்பட்டவர்.

"கலியாணம் கட்டப்போறாய்," என்றார். "ஜெசிதா நல்ல பிள்ளை. இதை எல்லாம் முகம் சுளிக்காமல் செய்வாள். உன்ரை கொக்காவும் செய்யிறாள்தானே."

ஜெரோசன் புதியதைக் கட்டி, சாரத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டான்.

"லெனாட் அண்ணையிட்டைப் போய்ச் சொல்லு. இந்த வீட்டிலை இனி இறங்க ஆள் இல்லை."

அவன் தலையாட்டிவிட்டு வெளியே போனான். படலை சாத்துகிற சத்தம் கேட்டது. நான் சொல்லத் துணியாததை அவர் சொல்லிவிட்டார். எனக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். வரவில்லை. சனிக்கிழமை பங்கு வராது, அதன்பிறகும் வராது. நான் எந்த வேலைக்குப் போவேன், போனால் இவரை யார் பார்ப்பார்கள் என்பதெல்லாம் ஒன்றாக முன்னால் வந்து நின்றது. கட்டில் விளிம்பில் இருந்துவிட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"எனக்கும் பயமாத்தான் கிடக்கு, யோசப்பின்," என்றார்.