ஓட்டத்துக்குத் தக்க சோறு

மகள் வெண்ணிலாவுக்கு நான்கு மாதமாக மாதவிலக்கு வரவில்லை என்பது கனகாம்பாளுக்குத் தற்செயலாகத்தான் தெரியவந்தது. பீரோவில் துணி அடுக்கப் போனவள், தான் மாதாமாதம் வாங்கிவைத்த நாப்கின் பாக்கெட்டுகள் நான்கும் பிரிக்காமல் கிடப்பதைப் பார்த்தாள். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

வெண்ணிலாவுக்கு இருபது வயது. கல்லூரியில் இரண்டாம் வருஷம். பத்தாயிரம் மீட்டர் ஓடுகிறவள். விடியும்போதே குருவிநத்தத்திலிருந்து சைக்கிளில் போய் பாகூர் ஏரிக்கரையில் ஓடுவாள். சாயங்காலமும் ஓட்டம்தான். பல்கலைக்கழகப் போட்டிக்கு இன்னும் இரண்டே மாதம் இருந்தது. இப்படி ஓடுகிற பெண்ணுக்கு வேறு எதற்கு நேரம் என்று கனகாம்பாள் தன்னையே தேற்றிப் பார்த்தாள். ஆனால் ஏரிக்கரைக்கு ஓட வரும் பையன்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தபடி இருந்தன.

மூன்று நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கணவர் அரிகரனிடம்கூடச் சொல்லவில்லை. கரும்பு வெட்டும் ஆட்களுக்கு வைத்த குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டாள். நான்காம் நாள் வெண்ணிலா நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு வலித்தது, காலை ஊன்ற முடியவில்லை. அதையே சாக்காக வைத்து மறுநாள் காலை கனகாம்பாள் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

பஸ்ஸில் பக்கத்து சீட் காலியானதும் கனகாம்பாள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நீ ஒதுங்கி எத்தினி மாசம் ஆச்சிடி?"

வெண்ணிலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நாலு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

பெண் அழுகிறாள் என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது. அதற்கு மேல் கேட்கக் கனகாம்பாளுக்குத் தைரியம் இல்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே என்று மகளை அனுப்பிவிட்டு, மதியம்வரை பெஞ்சில் காத்திருந்தாள். டாக்டர் இளவயதுப் பெண். இருவரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தவள், முதலில் அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தாள்.

"நீங்க நெனச்சி பயந்தது எதுவும் இல்லம்மா."

கனகாம்பாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்து டாக்டர், நேற்று விடிந்ததிலிருந்து என்னென்ன சாப்பிட்டாய் என்று வெண்ணிலாவைக் கேட்டாள். ஓடப் போகுமுன் வரக்காப்பி. வந்து இரண்டு இட்லி. மதியம் டப்பாவில் பாதி சோறு. சாயங்காலம் ஒரு கொய்யாப்பழம். ராத்திரி ஒன்றும் இல்லை. சிநேகிதி வீட்டில் சாப்பிட்டேன் என்று இத்தனை நாளாக அவள் சொன்னதெல்லாம் பொய் என்று கனகாம்பாளுக்கு அங்கேதான் புரிந்தது. எடை குறைந்தால் வேகம் கூடும் என்று செல்போனில் யாரோ சொன்னதை நம்பியிருக்கிறாள்.

"சாப்பிடறதெல்லாம் ஓட்டத்துக்கே செலவாயிடுது," என்றாள் டாக்டர். "மிச்சம் இல்லாததால உடம்பு மாதவிலக்க நிறுத்தி வச்சிருக்கு. எலும்பும் அதனாலதான் விரிசல் விட்டிருக்கு. சாப்பாடும் ஓய்வும் குடுத்தா பெரும்பாலும் சரியாயிடும்."

எட்டு வாரம் ஓடக்கூடாது. ராத்திரிச் சாப்பாட்டை விடவே கூடாது. மறுபடி ஓட ஆரம்பித்த பிறகு, ஓடி முடித்த அரைமணிக்குள் ஏதாவது வயிற்றுக்குள் போயாக வேண்டும். போட்டி போயிற்று என்று தெரிந்ததும் வெண்ணிலா அங்கேயே தேம்பினாள்.

வீட்டில் முதல் இரண்டு வாரம் சண்டைதான். தட்டில் சோறு கூடினாலே குண்டாகிவிடுவேன் என்று தள்ளிவைத்தாள். கனகாம்பாள் திட்டவில்லை. தட்டோடு எதிரில் உட்கார்ந்து தானும் சாப்பிட்டாள். இரண்டு முட்டை, நல்லவாடு கடற்கரையிலிருந்து வரும் மீன், வேர்க்கடலை உருண்டை, படுக்கும்முன் பால். ஒரு மாதத்தில் பெண் நின்று பேசினாள், சிரித்தாள். எப்போதும் சிடுசிடுவென்று இருந்ததும் பசியினால்தானோ என்று கனகாம்பாளுக்குத் தோன்றியது.

மூன்றாவது மாதம், நடவு நடந்துகொண்டிருந்தபோது, வெண்ணிலா வரப்போடு வேகமாக நடந்து வந்தாள். அம்மாவைத் தனியே கூப்பிட்டுக் காதில் சொன்னாள்.

"வந்துடுச்சிம்மா."

கனகாம்பாள் சேற்றுக் கையோடு வரப்பிலேயே உட்கார்ந்தாள். கையிலிருந்த சேற்றை வரப்புப் புல்லில் துடைத்தாள்.

"ஒன்ன நான் தப்பா நெனச்சிட்டேன்டி," என்றாள் பிறகு.

"தெரியும்மா. நான் வேற மாதிரி பயந்துட்டு இருந்தேன். எனக்கு கொழந்தையே பொறக்காதோன்னு. அத ஒங்கிட்ட எப்பிடி சொல்றதுன்னுதான் தெரியல."

ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்திருக்கிறோம் என்று நினைத்தபோது கனகாம்பாளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. எதிர் வரப்பிலிருந்து அரிகரன், அங்கே இன்னா பேச்சு என்று கேட்டார். ஒன்றுமில்லை, பிள்ளை அடுத்த வருஷம் ஓடப்போகிறாளாம் என்று சொல்லிவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு அவள் சேற்றில் இறங்கினாள்.