பந்து விழாத கல்யாணம்

பந்து குழியில் கிடக்கும்வரை நெல்லித்தோப்பு லூர்துபிரகாஷால் தன் வீட்டு வாசலைத் தாண்ட முடியாது. யாராவது பந்தை ஆட்டத்தில் விட்டால் வெளியே போகலாம். பந்து விழுந்துவிட்டால், எந்தக் கடையில் நின்றாலும் தெரு வீட்டுப் பக்கமாகச் சரிந்து அவரை உருட்டிக்கொண்டு வந்து கூடத்தில் சேர்த்துவிடும். முதலில் வாயைப் பிளந்த அக்கம்பக்கத்தார், பிறகு அவர் உருண்டு வரும்போது பைக்கை ஓரங்கட்டப் பழகிக்கொண்டார்கள்.

பழைய ஃபிலிப்பர் மெஷின் எங்கே விலைக்கு வந்தாலும் போய் நிற்பவர் அவர். கண்ணாடிக்கு அடியில் ஓடும் இரும்புப் பந்தை, குழியில் விழாமல் இரண்டு துடுப்புகளால் தட்டித் தட்டி மேலே அனுப்பும் ஆட்டம் அது. மூடிப்போன பார் ஒன்றிலிருந்து பிரெஞ்சு மெஷின் ஒன்றை வாங்கி, பந்து மோதித் தெறிக்கும் கட்டைகளை முதலில் வடிவமைத்தவன் வைத்த இடத்திலேயே நூல் பிசகாமல் பொருத்தினார். புது வண்டிக்குச் செய்வதுபோல் பாதரை அழைத்து மந்திரிக்கவும் செய்தார். அங்கேதான் கோளாறு. மெருகேற்றிய பந்தில் தண்ணீர் பட்டால் துருவேறுமே என்று அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். தீர்த்தம் பந்துக்குப் பதில் அவர்மேல் விழுந்தது. அன்றிலிருந்து பந்து விழுந்தால் அவரும் விழுந்தார். மறுபடி மந்திரித்தும் பலனில்லை. விற்றுவிடலாமென்றால், மெஷின் போகிற வீட்டுக்கு அவரும் போக வேண்டும்.

அவர் மனைவி ஞானமேரிக்கு அந்த மெஷினைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் அவர் பால் வாங்கி வர ஞானமேரிதான் ஆட வேண்டியிருந்தது. ஆடி ஆடிக் கை பழகி, பந்தை விழவிடாமல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவரை அனுப்பத் தேறிவிட்டார்.

மகள் மெரினுக்கு உழவர்கரைக் கோயிலில் கல்யாணம். அப்பா கையைப் பிடித்துக்கொண்டுதான் பீடத்துக்கு நடப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கல்யாணத்தன்று காலை பக்கத்து வீட்டு ராஜவேல் ஆடிப் பார்த்தான். லூர்துபிரகாஷ் தெருமுனையிலிருந்தே திரும்பி வந்துவிட்டார். கோட்டும் சூட்டுமாகக் கூடத்தில் உட்கார்ந்து அழுதார். சொந்த வீடே கூண்டாகிப்போன அழுகை அது.

ஞானமேரி பட்டுப்புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மெஷின் முன்னால் போய் நின்றார்.

“நீங்க கெளம்புங்க. நான் ஆடுறேன்.”

“பொண்ணு கல்யாணத்த நீ பாக்க வேணாமா?”

“ரெண்டு பேர்ல ஒருத்தராவது பாக்கணும்ல. வண்டியில ஏறுங்க.”

பந்தை ஏவும் ஸ்பிரிங்கை இழுத்துவிட்டார்.

லூர்துபிரகாஷ் மகளைக் கைப்பிடித்துப் பீடம்வரை அழைத்துப் போனார். பூசை முழுக்கத் தரை அசையவில்லை. தாலி கட்டும்போது மட்டும் லேசாகச் சாய்ந்தது. அவர் பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டார். கோயில் மணி ஒலித்தது வீடுவரை கேட்டிருக்காது. ஆனாலும் நேரம் தெரிந்து ஞானமேரி கண்ணைத் துடைக்க ஒரு கையை எடுத்திருப்பார். தரை உடனே நேரானது.

“சம்பந்தியம்மா எங்க, காணோமே?” என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்.

“வூட்டுல பந்து விழாம பாத்துக்கினு இருக்கா.”

சம்பந்தி தலையாட்டிவிட்டு, பிரியாணி ஒரு பார்சல் தனியாக எடுத்துவைக்கச் சொன்னார்.